மேஜர் பெயர் பலகை ஏறிய மாதம்

போன வாரம் கிளப் சுவரில் இருந்த பலகையைக் கழற்றிவிட்டார்கள். கேள்விப்பட்டதும் எனக்கு வீட்டில் உட்கார முடியவில்லை. அடுப்பிலிருந்த பாலை இறக்கி வைத்துவிட்டு, தூறலில் குடைகூட எடுக்காமல் மேட்டில் ஏறிப் போனேன். வேலையிலிருந்து நின்று வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் கிளப்பில் ஓர் ஆணி இடம் மாறினால் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அப்படியே பழகிவிட்டது.

முன் ஹாலில் பலகை இருந்த இடம் மட்டும் சுவர் வெளுப்பாகத் தெரிந்தது. கணக்குப் பார்க்கிற ரெஹானா அங்கே நின்று பெயின்ட்காரரிடம் பேசிக்கொண்டிருந்தாள். ஊட்டி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருக்கிறவருடைய மகள், கெட்டிக்காரி. இனிமேல் மெம்பர்கள் முன்கூட்டியே பணம் கட்டிவிட வேண்டுமாம். ஒரு கார்டைத் தேய்த்தால் டீக்கும் சாப்பாட்டுக்கும் அதிலிருந்து கழிந்துகொள்ளுமாம். பாக்கி என்ற பேச்சே வராது, அதனால் பாக்கிதாரர் பெயர் மாட்டுகிற பலகையும் வேண்டாம் என்று கமிட்டியில் முடிவாகிவிட்டதாம்.

"ஒருத்தரு பேரை எழுதி எல்லாரும் பாக்கற எடத்துல மாட்டறது பாவமில்லீங்களா, சலேத்தம்மா?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. அந்தப் பலகையில் பெயர்களை மாட்டிய கை என்னுடையது. பதில் சொல்ல வாயெடுத்தேன். நின்றபடி சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்று தோன்றவே, திரும்பி வந்துவிட்டேன். கிளப் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அவள் முன்பே கேட்டிருந்தாள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். என் மகள் பிழை திருத்தித் தருகிறாள். விஷயத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

சோலூருக்கு மேலே தேயிலைக் காட்டுக்கு நடுவில் இருக்கிற சின்னக் கிளப் அது. எஸ்டேட் மேனேஜர்கள் சேர்ந்து கட்டியது. முதலாளி என்று யாரும் கிடையாது. மெம்பர்கள்தான் சொந்தக்காரர்கள், ஆனால் ஒருவரும் லாபம் என்று ஒரு ரூபாய் எடுத்துப் போக முடியாது. மிஞ்சினால் கூரைக்கு, மிஞ்சாவிட்டால் மெம்பர்கள் தலையில். ஒரு பில்லியர்ட்ஸ் மேசை, மேலும் கீழுமாக இரண்டு டென்னிஸ் கோர்ட், ஒரு பார், சாப்பாட்டு ஹால், தங்குவதற்குச் சில அறைகள். அவ்வளவுதான் எங்கள் ராஜ்ஜியம்.

என் வீட்டுக்காரர் அங்கே மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேசையைத் துடைத்துப் பராமரித்து, ஆட்டத்தில் புள்ளி சொல்கிறவர். நெஞ்சு நோயில் அவர் போனபோது மகள் கைக்குழந்தை. கமிட்டி எனக்கு மேசைவிரிப்பு துவைக்கிற வேலை கொடுத்தது. துவைத்தேன், கஞ்சி போட்டேன், தேய்த்தேன். பிறகு ஸ்டோர் சாவி கைக்கு வந்தது. பில் கொண்டுபோகிறவர் வயதாகி நின்றதும் அந்தப் பையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒரு பொம்பிளை மலையேறி இறங்கி வசூலுக்குப் போவதா என்று சமையல்காரர் அந்தோணி சிரித்தார். அன்றைக்கு அவர் வைத்த பேர்தான் 'கலெக்டரம்மா'. அவர் கேலியாக வைத்தார். நான் மரியாதையாகவே எடுத்துக்கொண்டேன்.

கிளப்பில் கையில் காசு புழங்காது. அதுதான் வழக்கம். மெம்பர் ஒரு டீ குடித்தாலும் சின்னத் துண்டுச் சிட்டில் கையெழுத்துப் போடுவார். மாதக் கடைசியில் சிட்டுகளையும் சந்தாவையும் சேர்த்து பில் எழுதி, உறையில் போட்டு வீட்டுக்கு அனுப்புவோம். கிளப்புக்குள் பணத்தைப் பற்றிப் பேசுவது மட்டமான காரியம். ஒரு மெம்பர் இன்னொரு மெம்பரிடம் ஏன் கட்டவில்லை என்று கேட்கவே மாட்டார். செயலர்கூட நேரில் கேட்க மாட்டார். கேட்கிற வேலை என்னுடையது. அதையும் வாயைத் திறக்காமல் கேட்க வேண்டும்.

பங்களாவுக்குப் பின்பக்கமாகப் போவேன். வேலைக்காரரிடம் உறையைக் கொடுப்பேன். அவர் அதைத் தட்டில் வைத்து உள்ளே கொண்டுபோவார். நான் துணி துவைக்கிற கல்லிலோ படியிலோ உட்கார்ந்துவிடுவேன். நாளைக்கு அனுப்புவதாகச் சொல்லச் சொல்லி உள்ளேயிருந்து பதில் வரும். சரிங்க என்பேன், எழுந்திருக்க மாட்டேன். மழை வந்தால் இன்னும் நல்லது. நனைகிற ஒரு பொம்பிளையைக் கொல்லையில் உட்கார வைத்துவிட்டு எந்தத் துரையம்மாவுக்கும் சோறு இறங்காது. கொஞ்ச நேரத்தில் அதே தட்டில் செக் வரும். எனக்கு அவசரமே கிடையாது. அவர்களுக்குத்தான் அவசரம் வரும்.

அப்போது செயலராக இருந்தவர் மேஜர் ஐயா. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சோலூர்ப் பக்கம் ஒரு சின்ன வீடு வாங்கிக்கொண்டு வந்தவர். செயலர் வேலைக்குச் சம்பளம் இல்லை. வந்ததும் தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைப்பார். பணத்தைப் பற்றி என்றால் நின்றுகொண்டுதான் பேசுவார், எதிரில் இருப்பவரும் நிற்க வேண்டும். தபாலில் வந்த பழைய உறைகளைப் பிரித்து, உட்புறத்தை வெளியே திருப்பி ஒட்டி, அதில்தான் பில் வைப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. தப்புச் செய்தவனை முன்னால் நிறுத்திவிட்டு, அவனாகப் பேசுகிறவரைக்கும் பிளேடால் பென்சில் சீவிக்கொண்டிருப்பார். நானும் ஒரு தடவை அந்தப் பென்சிலுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். ஸ்டோரில் சர்க்கரை குறைந்தது எலியால் என்று நிரூபணம் ஆகும்வரை சீவினார்.

பணம் வந்ததும் எதற்கு முதலில் போக வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வேலைக்காரர் சம்பளம். அடுத்து மளிகைக்கடை. அப்புறம் பார் லைசென்ஸ், கரண்ட். புதிதாகச் சேருகிறவர் கட்டுகிற நுழைவுப் பணத்தை மட்டும் யாரையும் தொட விட மாட்டார். அது கூரைக்கென்று வங்கியில் கிடக்கும். அதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டால், நாளைக்குச் சேர வருகிறவனுக்கு ஒழுகுகிற கூரையைத்தான் காட்ட வேண்டும் என்பார்.

பலகைக்கும் அவர்தான் காவல். பில் போகும், நினைவூட்டுக் கடிதம் போகும், அதற்கும் பணம் வராவிட்டால் பெயர் பலகை ஏறும். பெயர் ஏறிய மெம்பர் பாக்கி தீரும்வரை கிளப்புக்குள் கால் வைக்கக் கூடாது. மேஜர் ஒரு தாளில் பெயரை எழுதிக் கொடுப்பார், நான் மாட்டுவேன். டாக்டர், வக்கீல், எஸ்டேட் சொந்தக்காரர் என்று வித்தியாசம் கிடையாது. பெரும்பாலும் மறுநாளே டிரைவர் செக்கோடு வந்து நிற்பார். பணம் வந்ததும் தாளைக் கழற்றிக் கிழித்துவிடுவோம். அதைப் பற்றி அப்புறம் ஒருவரும் பேச மாட்டார்கள்.

ஆரம்பத்தில் எஸ்டேட் கம்பெனிகளே மேனேஜர்களுடைய கிளப் பில்லைக் கட்டின. அப்போது என் வேலை உலாத்தப் போகிற மாதிரி. பிறகு தேயிலை விலை விழுந்தது. கம்பெனிகள் முதலில் வெட்டியது கிளப் பில்லைத்தான். சில எஸ்டேட்டுகள் கைமாறின, சில துண்டு துண்டாக விலை போயின. மெம்பர்களில் பலர் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் போனார்கள். மிச்சமிருந்தவர்கள் பழைய மாதிரியே சிட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கோட்டின் முழங்கைதான் தேய்ந்திருந்தது. சந்தாவை ஏற்ற வேண்டும் என்று மேஜர் ஒவ்வொரு வருஷக் கூட்டத்திலும் சொல்வார். கட்ட முடியாது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். கிளப்பின் மரபுக்கு அது பொருந்தாது என்பார்கள். டீ கொடுத்துக்கொண்டே கேட்டிருக்கிறேன். மரபு, மரபு என்று எத்தனை தடவை.

மேஜர் அனுமதி வாங்கி சில்வர் ஓக் மரங்களை வெட்டி விற்றார். பாரின் கூரை மாறியது. கீழ் கோர்ட்டில் ஆட ஆள் இல்லை என்று அதைச் சோலூர் விவசாயி ஒருவருக்குக் கேரட் போடக் குத்தகைக்கு விட்டார். அதற்குப் பெரிய ரகளை. வெள்ளைக் கோடு போட்ட இடத்தில் சாணி கொட்டுவதா என்று ஒரு துரையம்மா கொதித்துப் போய்விட்டார். அந்தக் கேரட் குத்தகைதான் அந்த வருஷக் கிறிஸ்துமஸுக்கு எங்களுக்குப் போனஸ். என் மகளுக்கு நீல ஸ்வெட்டர் வாங்கினேன்.

இப்படி இழுத்துப் பிடித்துக் கொண்டுவந்தவர், வயதாகிவிட்டது என்று பொறுப்பை விட்டார். அடுத்து வந்த செயலர் ரவீந்திரன் ஐயா, குன்னூரில் தேயிலைத் தரகு பார்த்தவர். நல்ல மனுஷர். யார் மனமும் கோணப் பேசத் தெரியாதவர். எங்களுக்குத் தொந்தரவு அங்கேதான் ஆரம்பித்தது.

அந்தச் சமயம் மேஜரின் வீட்டம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. ஓயாமல் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு மலை இறங்கி ஏற வேண்டியிருந்தது. மேஜர் கிளப்புக்கு வருவதே நின்றுவிட்டது. வந்தாலும் வராவிட்டாலும் சந்தா ஓடிக்கொண்டுதான் இருக்கும். பாக்கி ஏறியது. நான் உறையோடு போனால் வீடு பூட்டியிருக்கும், கதவிடுக்கில் செருகிவிட்டு வருவேன்.

அவர் பெயர் பலகை ஏற வேண்டிய கட்டம் வந்தது, தாண்டியும் போயிற்று. கமிட்டியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. மேஜர் பெயரையா மாட்டுவது என்று எல்லாருக்கும் கூச்சம். அவரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர் பெயரை மாட்டினால் நியாயம் இல்லை என்று ரவீந்திரன் ஐயாவுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அதனால் யார் பெயரையும் எழுதிக் கொடுக்கவில்லை. பலகை மாதக்கணக்கில் வெறுமையாகவே இருந்தது. அதைத் தினம் பார்க்கிற மெம்பர்களுக்குக் கை தளர்ந்துவிட்டது. நான் போய் மழையில் உட்கார்ந்தாலும் தட்டு வெளியே வராத வீடுகள் உண்டாயின. கேரட்டுக்குக் கொதித்த அதே துரையம்மா, முதலில் மேஜர் வீட்டில் போய் உட்கார், அப்புறம் எங்கள் வீட்டுக்கு வா என்று ஜன்னல் வழியாகவே சொல்லிவிட்டார்.

நுழைவுப் பணத்தை எடுத்து எங்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அதுவும் தீர்ந்தது. அடுத்த மாதம் சம்பளம் இல்லை, அதற்கடுத்த மாதமும் இல்லை. மளிகைக்கடைக்காரர் சாமான் அனுப்புவதை நிறுத்தினார். என் மகள் அப்போது நர்ஸ் படிப்பில் இருந்தாள். ஹாஸ்டல் பணம் கட்டாவிட்டால் பரீட்சை எழுத முடியாது என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்த நாட்களில் எனக்கு ஓர் இடத்தில் நிற்க முடியாது. ஸ்டோரைத் திறப்பேன், பூட்டுவேன். காலி டப்பாக்களை இறக்கித் துடைத்து மறுபடி அடுக்குவேன். கோயிலுக்குப் போனாலும் பாதிப் பூசையில் வெளியே வந்து, சாலையில் எந்தக் கார் போகிறது என்று பார்த்துக்கொண்டு நிற்பேன். செபமாலையைக் கையில் எடுத்தால் எந்த மணியில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும்.

ஒரு நாள் காலையில் சமையற்கட்டில் எல்லாரும் வெறும் கட்டஞ்சாயாவைக் குடித்துக்கொண்டிருந்தோம். அந்தோணி என்னைப் பார்த்து ஆரம்பித்தார்.

"ஏனுங்க கலெக்டரம்மா, வசூலுக்குப் போகலீங்களா?"

"எல்லா ஊட்டுக்கும் போயாச்சு."

"ஒரு ஊட்டுல மட்டும் போய் உக்காரலையே."

மற்றவர்கள் அடுப்பைப் பார்த்தார்கள்.

"அங்க ஒரு பொம்பள சாகக் கெடக்குது, அந்தோணி."

"எங்கூட்டுல அரிசி இல்லீங்க. நான் என்ன அவரைக் கடிச்சு வெக்கவா சொன்னேன்? சம்பளம் வரலைன்னு ஒரு வார்த்தை அவரு காதுல போடுங்க. அவருக்குத் தெரியாதாட்ட இருக்குது."

நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். மேஜர் வீடு கிளப்புக்குக் கீழே, பள்ளத்தைத் தாண்டி இருந்தது. பாதி வழியில் நின்றேன். திரும்பினேன். மறுபடி இறங்கினேன். மகளுடைய ஹாஸ்டல் ஒரு பக்கம் இழுத்தது, படுத்திருக்கிற மேஜர் வீட்டம்மாவின் முகம் ஒரு பக்கம். போய்ச் சேர்ந்தபோதும், கையில் உறை இல்லாமல் எந்த வாசலில் நிற்பது என்று புரியவில்லை. பின்வாசலுக்குப் போகக் காரணம் இல்லை. முன்வாசலில் போய் நின்றேன்.

மேஜர் கஞ்சிப் பாத்திரத்தோடு வந்து கதவைத் திறந்தார். சவரம் செய்திருந்தார். ஸ்வெட்டர் மட்டும் உடம்பில் தொங்கியது.

"வா சலேத்து. பில்லா?"

"இல்லீங்க. கிளப்புல சம்பளம் வரலீங்க. யாருக்கும் வரலை."

பாத்திரத்தை ஜன்னல் திட்டில் வைத்தார். எத்தனை மாதமாக என்று கேட்டார், சொன்னேன். மளிகை என்றார், நிறுத்திவிட்டார்கள் என்றேன். நுழைவுப் பணம் என்றார். அதுவும் தீர்ந்துபோனது என்றேன்.

"பலகையில யாரெல்லாம் இருக்காங்க?"

"யாருமில்லீங்க."

"யாருமே இல்லையா? என் பேரு?"

"இல்லீங்க."

அவர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"நான் பலகை ஏறி மாசக்கணக்காச்சுன்னு நெனச்சுட்டு இருக்கேன், சலேத்து. உள்ள வரக் கூடாதுன்னுதானே அந்தப் பக்கமே வரலை."

அவர் தாராளமாக வந்து போகட்டும் என்று அங்கே பெயரை மாட்டாமல் வைத்திருக்கிறார்கள். பெயர் மாட்டியாகிவிட்டது என்று இவர் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு வீட்டில் இருக்கிறார். ஒருவரை ஒருவர் கேட்டிருந்தால் ஒரே நாளில் தீர்ந்திருக்கும். கேட்பது மட்டமாயிற்றே.

"மாட்ட வேண்டாம்னு யாரு சொன்னது?" என்றார்.

"யாரும் சொல்லலீங்க. யாரும் ஒண்ணும் சொல்லாமத்தான் இப்படி ஆச்சு."

உள்ளே போனார். இருமல் சத்தமும், அம்மாவிடம் அவர் ஏதோ சொல்வதும் கேட்டது. ஒரு தாளோடு திரும்பி வந்தார். அவருடைய பெயரை அவரே எழுதியிருந்தார். மற்றவர்களுக்கு எழுதுகிற அதே பெரிய எழுத்து.

"கொண்டு போய் மாட்டு."

"செயலரு சொல்லாம நான் எப்படீங்க மாட்டறது? அம்மாவுக்கு உடம்பு இப்படி இருக்கறப்ப வேற..."

"அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எழுதினேன். இத்தனை நாளா ஏன் மாட்டலைன்னு கேக்கறா." தாளை என் கையில் வைத்தார். "ஒண்ணு கேட்டுக்கோ. என் பணம் வந்தாத்தான் இதை எடுக்கணும். வேற எவன் பணத்துக்கும் எடுக்காதே."

போன வேகத்தைவிட வேகமாக மேடேறினேன். யோசித்தால் நின்றுவிடுவேன் என்று பயம். ஹாலுக்குள் நுழைந்து, யாரிடமும் சொல்லாமல் மாட்டினேன். ஆணி உறுதியாக இறங்கியிருக்கிறதா என்று தாளை இழுத்தும் பார்த்தேன்.

சாயங்காலம் மெம்பர்கள் வந்தார்கள். முதலில் வந்தவர் தாளைப் பார்த்துவிட்டு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பில்லியர்ட்ஸ் அறையில் ஆட்டம் பாதியில் நின்றது. பாரில் யாரும் சிட்டு கேட்கவில்லை. சீக்கிரமே எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். மறுநாளிலிருந்து செக்குகள் வர ஆரம்பித்தன. நான் எங்கும் போய் உட்காரவில்லை. டிரைவர்களும் தோட்டக்காரர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த வார முடிவுக்குள் எங்களுக்கு ஒரு மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அந்தோணி நோட்டை எண்ணாமல் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, என் பக்கம் பார்க்காமலே போனார். மகள் பரீட்சை எழுதினாள்.

ரெஹானா பாவமா என்று கேட்டாளே. பெயரை மாட்டாமல் விட்ட மாதங்களில்தான் எங்கள் அடுப்பு அணைந்தது.

ரவீந்திரன் ஐயா என்னைக் கூப்பிட்டுவிட்டார். கோபப்படத் தெரியாத மனுஷர் கோபப்பட்டால் முகம் அழுகிற மாதிரி ஆகிவிடும். யாரைக் கேட்டு மாட்டினாய் என்றார். மேஜர் எழுத்து என்றேன். அது அவருக்கும் தெரிந்திருந்தது. பிறகு குரலைத் தணித்து, மெம்பர்கள் சிலர் தங்களுக்குள் போட்டு மேஜர் பாக்கியைக் கட்டிவிட்டார்கள், போய்க் கழற்றிவிடு என்றார்.

"மாட்டேனுங்க," என்றேன்.

"சலேத்தம்மா, இது கமிட்டி முடிவு."

"கமிட்டி வேணும்னா எடுத்துக்கட்டுங்க. நான் எடுக்கோணும்னா அவரு பணம் வரோணும்."

வேலை போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். அவர் எழுந்து ஹாலுக்கு வந்தார். பலகை முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். திரும்பிப் போய்விட்டார். அந்தக் கிளப்பில் மாட்டுவதற்கும் எடுப்பதற்கும் என் கை ஒன்றுதான் இருந்தது.

நான் நேரே மேஜரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அந்த மாதமே அவருடைய பழைய காரைக் குன்னூர்க்காரர் ஒருவர் வாங்கி ஓட்டிப்போனதாகக் கேள்விப்பட்டோம். பிறகு ஒரு நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, கிளப் கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மழை பெய்துகொண்டிருந்தது. உள்ளே வாங்க என்றேன். பெயர் இருக்கிறதே என்றார். கேட்டுக்கு மேலாகச் செக்கைக் கொடுத்தார். நான் ஓடிப்போய் ரவீந்திரன் ஐயா மேசையில் வைத்துவிட்டு, தாளைக் கழற்றிக்கொண்டு வந்து அவரிடம் காட்டினேன். அதன் பிறகுதான் உள்ளே கால் வைத்தார். மற்றவர்கள் போட்ட பணத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கச் செய்தார்.

இதோடு முடிந்தது என்று எல்லாரும் நினைத்தார்கள். எனக்கு மட்டும் நெஞ்சு ஆறவில்லை. ஒரு மாதச் சம்பளம் இன்னும் நின்றது. வந்த செக்குகள் எல்லாம் வெட்கத்தில் வந்தவை. வெட்கம் எத்தனை மாதம் தாங்கும்?

வருஷக் கூட்டம் வந்தது. மேஜர் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் டீத்தட்டோடு கதவோரம். சந்தாவை ஏற்றுவது பற்றி ரவீந்திரன் ஐயா தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், வழக்கம்போல ஒருவர் மரபைப் பற்றி ஆரம்பித்தார். மேஜர் எழுந்து நின்றார்.

"மரபெல்லாம் ஒண்ணுமில்லை. என்கிட்ட காசு இல்லை. சந்தாவை ஏத்தினாலும் என்னால முடியாது, ஏத்தாட்டியும் முடியாது. இந்தக் கிளப்பை வெச்சுக்க எனக்குச் சக்தி இல்லை. இப்படி ஒருத்தரும் இங்க சொன்னதில்லை, அதனால சொல்றேன்."

ராஜினாமாக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தார். என்னைத் தாண்டும்போது, இனி என் வீட்டுக்கு பில் கொண்டு வர வேண்டாம், சலேத்து என்று மெதுவாகச் சொன்னார். சரிங்க என்றேன். தட்டிலிருந்த டீயெல்லாம் ஆறிப்போயிருந்தது.

உள்ளே, கேரட்டுக்குக் கொதித்த அந்தத் துரையம்மா, கைப்பையைப் பார்த்துக்கொண்டே, எங்களுக்கும் முடியவில்லை என்றார். அடுத்து ஒரு ரிட்டயர்டு டாக்டர் சொன்னார். அப்புறம் இன்னொருவர். இத்தனை வருஷமாக நான் யார் யார் கொல்லையில் உட்கார்ந்தேனோ, அவர்களில் பாதிப் பேர் என்னைப் போலவே கணக்குப் பார்த்துச் சோறு வடிக்கிறவர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் மளமளவென்று நடந்தது. வயதானவர்களுக்குப் பாதிச் சந்தா, முடிந்தவர்களுக்குக் கூடுதல் சந்தா. அறைகளை வெளியாட்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். அதுவரை சேர்க்காத ஊட்டி பஜார் வியாபாரிகளை மெம்பராக்கினார்கள். அவர்கள் பணத்தைப் பற்றி வெட்கமில்லாமல் பேசுவார்கள். கூட்டத்தில் எடுத்த எடுப்பிலேயே, லாபம் இல்லேன்னா போகுது, நட்டம் எவ்வளவுங்க என்று கேட்பார்கள். நுழைவுப் பணம் மறுபடி கூரைக்கென்று வங்கிக்குப் போனது. எங்கள் பாக்கிச் சம்பளம் கொஞ்சம் கொஞ்சமாக வந்து தீர்ந்தது. பலகையும் அதன் வேலையைப் பார்த்தது. நான் ஓய்வு பெறும்வரை அதில் யார் யார் பெயரோ ஏறின, இறங்கின.

இப்போது கார்டு வந்துவிட்டது. நல்லதுதான், சம்பளம் தவறாது. ஆனால் முன்பணம் கட்ட முடியாத மெம்பர் இனிமேல் சத்தமில்லாமல் வராமல் போய்விடுவார். அவர் ஏன் வரவில்லை என்று கேட்டுப் பள்ளத்தில் இறங்கி நடந்து போக யாரும் இருக்க மாட்டார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு உட்கார முடியவில்லை. எழுதும்போதே எழுந்து எழுந்து வாசலுக்குப் போய் வருகிறேன்.

அந்த வருஷமே மேஜரை மறுபடி மெம்பராகச் சொல்லி ரவீந்திரன் ஐயா நேரில் போய்க் கூப்பிட்டார். பாதிச் சந்தாதானே என்றாராம். அந்தப் பாதிக்கும் ஆஸ்பத்திரியில் வேலை இருக்கிறது என்று மேஜர் சொல்லி அனுப்பிவிட்டார்.

கூட்டம் முடிந்த அடுத்த மாதம் பில் பையோடு கிளம்பினேன். பள்ளத்தைத் தாண்டி மேஜர் வீட்டைக் கடந்துதான் போக வேண்டும். கடந்து போக முடியவில்லை. அவர் முற்றத்தில் அம்மாவின் போர்வையை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"என்ன சலேத்து? எனக்குத்தான் பில் இல்லையே."

"தெரியுமுங்க. வழி இதுதானுங்களே."

முன்னறைக்குக் கூப்பிட்டு நாற்காலியைக் காட்டினார். உட்கார்ந்தேன். அவரே போய் டீ போட்டுக்கொண்டு வந்தார். எதிரில் அவரும் உட்கார்ந்தார். பணப் பேச்சை அவர் உட்கார்ந்துகொண்டு பேசி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"வசூல் எப்படி?"

"பரவாயில்லீங்க. ஒரு மூணு ஊடுதான் இழுத்தடிக்குது."

"எந்த மூணு ஊடு?"

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "அது மெம்பருங்க விசயமுங்க. வெளியாளுங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க."

"சரிதான்," என்று சொல்லி மேஜர் சர்க்கரை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.